தண்ணீர் குடிக்காத துண்டு

உங்கள் வீட்டு அடுப்படியில் ஒரு துணி தொங்கிக்கொண்டிருக்கும். போய் அதை எடுத்து வாருங்கள். நான் காத்திருக்கிறேன்.

எடுத்தாச்சா? இப்போது சொல்லுங்கள். அதை அடுப்படிக்கென்றே காசு கொடுத்து வாங்கினீர்களா? அல்லது முன் ஜென்மத்தில் பனியனாகவோ, பாதி வேட்டியாகவோ, பையனின் ஸ்கூல் சட்டையாகவோ உழைத்து, ரிட்டயராகி இங்கே வந்து சேர்ந்ததா?

முக்கால்வாசி வீடுகளில் இரண்டாவதுதான் பதிலாக இருக்கும். ஒரு டி-ஷர்ட் வாங்க நாலு கடை ஏறி இறங்குகிற நாம், ஒரு நாளைக்கு ஐம்பது தடவை கையில் எடுக்கிற துணிக்கு ஐந்து நிமிஷம் யோசிப்பதில்லை. அடுப்படிதானே, அங்கே நிற்கிறவள் எதையாவது வைத்துச் சமாளித்துக்கொள்வாள் என்ற நினைப்பு.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ரிட்டயரான பனியன் ஒழுங்காகத் துடைக்கிறது. ஆசைப்பட்டு, மூன்று பீஸ் பாக்கெட்டாக வாங்கிய புதுத் துண்டு துடைப்பதில்லை. மேடையில் சிந்திய பாலை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போகிறது. கழுவிய டம்ளரைத் தடவிக் கொடுக்கிறது, ஈரம் அப்படியே இருக்கிறது. "புதுசுல்ல, நாலு தடவை துவைச்சா சரியாயிடும்" என்று நமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். சில துண்டுகள் சரியாகும். பல துண்டுகள் சரியாவதற்குள் கிழிந்துவிடும்.

ஏன் இப்படி? இந்தக் கேள்வியைக் கேட்பதற்கு மண்ணரையைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. திருப்பூரில் நொய்யல் ஆற்றை ஒட்டிய பகுதி. சுற்றிலும் பனியன் தொழில். உலகத்தின் பாதி ஊர்களுக்கு உடுப்பு அனுப்புகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு, ஒரு டம்ளரைத் துடைக்கத் துணி இல்லை என்றால் யார் நம்புவார்கள்?

பருத்தி என்றாலே தண்ணீர் குடிக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது பாதி உண்மைதான். செடியிலிருந்து வருகிற பஞ்சின் மேல் மெல்லிய மெழுகு பூசியிருக்கிறது. இயற்கை மாட்டிவிட்ட ரெயின்கோட். எடையில் நூற்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்காது. ஆனால் காரியத்தைக் கெடுக்க அது போதும். சலவைக்குப் போகாத காடா துணியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு நிற்கும்.

இந்த மெழுகைக் கழற்றத்தான் துணியைக் காஸ்டிக் சோடா போட்டுக் கொதிக்க வைக்கிறார்கள். பிறகு ப்ளீச்சிங். பிறகு அலசல், மறுபடி அலசல். வேலை சரியாக முடிந்ததா என்று பார்க்கப் பெரிய மெஷின் ஒன்றும் தேவையில்லை. துணியின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவார்கள். ஓரிரு நொடியில் உள்ளே போய்விட்டால் துணி தயார். அப்போதுதான் சாயமும் ஒழுங்காக ஏறும். பருத்தி நிஜமாகவே தண்ணீர் குடிக்கக் கற்றுக்கொள்கிற இடம் இதுதான்.

அடுத்து நடப்பதுதான் அநியாயம். குடிக்கக் கற்றுக்கொண்ட துணியின் வாயை நாமே அடைத்துவிடுகிறோம். கடைசிக் கட்டமாகத் துணியை சாஃப்ட்னரில் முக்கி எடுக்கிறார்கள். பல சமயம் சிலிக்கான் சாஃப்ட்னர். துணி வழவழவென்று வெண்ணெய் மாதிரி ஆகிவிடும். தொழிலில் இதற்கு 'ஹேண்ட் ஃபீல்' என்று பெயர். டி-ஷர்ட்டுக்கு இது நியாயம். உடம்பில் உறுத்தக் கூடாது. அடுப்படித் துண்டுக்கு எதற்கு? உறுத்துகிறது என்று இட்லிப் பானை அழப்போகிறதா? கழற்றிய மெழுகுக்குப் பதிலாக வேறொரு மெழுகைப் பூசி அனுப்புகிற மாதிரிதான் இது. தண்ணீரை உள்ளே விடுகிற சாஃப்ட்னர்களும் சந்தையில் உண்டு. கேட்கிற ஆள் இருந்தால் போடுவார்கள்.

கேட்க வேண்டிய ஆள் யார்? நீங்களும் நானும்தான். கடையில் நாம் என்ன செய்கிறோம்? துண்டை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்க்கிறோம். "நல்லா சாஃப்ட்டா இருக்கு, இதையே போடுங்க" என்கிறோம். நம் கன்னம் கேட்டதைத்தான் கம்பெனி கொடுக்கிறது.

"போகட்டும், ஒரு துண்டு துடைக்காவிட்டால் குடியா முழுகிவிடும்?" என்று கேட்பீர்கள். ஏற்கெனவே ஓர் ஆறு முழுகியிருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன்.

ஒரு கிலோ பருத்தித் துணியை வெளுத்துச் சாயமேற்றப் பல பத்து லிட்டர் தண்ணீர் வேண்டும். காஸ்டிக்கும் உப்பும் சாயமும் கலந்த அந்தத் தண்ணீர் பல வருஷம் நொய்யலில்தான் போய் விழுந்தது. பாசனத்துக்கென்று 1992-ல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக் கழிவு தேங்குகிற தொட்டியாகிப் போனது. விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். ஒரு சொட்டுக் கழிவும் வெளியே வரக் கூடாது என்று 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. நடக்கவில்லை. 2011 ஜனவரியில் 700-க்கும் மேற்பட்ட சாய, சலவை ஆலைகளை மூடச் சொன்னது. திருப்பூரே ஸ்தம்பித்தது. மண்ணரையிலும் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையம் உண்டு. இந்தக் கதையில் அதுவும் ஒரு பாத்திரம். இன்று கழிவுநீரைச் சுத்தம் செய்து திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். அதற்கு எக்கச்சக்கமாகப் பணம், மின்சாரம். முடிவில் உப்பும் கசடும் மலையாக மிச்சம்.

அடுப்படித் துண்டு நெய்கிற ஊர்கள் கரூர், ஈரோடு, சென்னிமலைப் பக்கம்; திருப்பூரில் பின்னல்தான். ஆனால் பருத்தியைக் குடிக்க வைக்கிற வேலை எல்லா ஊரிலும் ஒன்றுதான். கரூரில் அதற்கு விலை கொடுத்தது அமராவதி ஆறு. இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய குணத்தைக் கடைசி ஐந்து நிமிஷத்தில் ஒரு வழவழப்புக்காகத் தொலைக்கிறோம். இதற்குக் கோபப்படாமல் வேறெதற்குக் கோபப்படுவது?

அடுத்த ஏமாற்று, கலப்படம். 'காட்டன் டவல்' என்று குவியலாகப் போட்டு விற்பதில் பாலியஸ்டர் எத்தனை சதம் என்று விற்கிறவருக்கே பல சமயம் தெரியாது. சாதாரணக் காற்றிலேயே பருத்தி தன் எடையில் சுமார் 8 சதம் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். பாலியஸ்டர் அரை சதம்கூடப் பிடிக்காது. அமெரிக்காவுக்கோ ஐரோப்பாவுக்கோ போகிற துண்டில் எந்த நார் எத்தனை சதம் என்று குறிப்பிட்டாக வேண்டும், அங்கே சட்டம். அதே ஊர்த் துண்டு நம் தெருவுக்கு வரும்போது பெயர், ஊர், விலாசம் எல்லாம் இழந்து அநாதையாக வருகிறது.

மைக்ரோஃபைபர் பற்றிக் கேட்பீர்கள். அது பெரும்பாலும் பாலியஸ்டர்தான். ஆனால் நாரை மயிரிழையிலும் மெல்லிசாகப் பிளந்திருப்பதால் இடுக்குகளில் தண்ணீரை நன்றாகவே பிடிக்கும். கண்ணாடி துடைக்கலாம். அடுப்பிலிருந்து வாணலியை இறக்க அதை எடுக்காதீர்கள். சூட்டில் உருகும். துவைக்கிறபோதெல்லாம் பிளாஸ்டிக் துகளைச் சாக்கடைக்கு அனுப்பும்.

சரி, எதைத்தான் வாங்குவது?

தட்டையாக நெய்த, சுத்தமான பருத்தித் துண்டு பாத்திரம் துடைக்க நல்லது, பஞ்சு ஒட்டாது. நம்ம ஊர் ஈரிழைத் துண்டு இதற்கு அருமையான சாமான். இரண்டிரண்டு இழையாகச் சேர்த்து நெய்வதால் ஈரத்தை நன்றாக வாங்கும், சீக்கிரம் காயும். தேன்கூடு மாதிரிக் கட்டம் கட்டமாக நெய்தது இன்னும் நிறையக் குடிக்கும். தேங்காய்ப்பூத் துண்டு நிறையக் குடிக்கும்தான், ஆனால் லேசில் காயாது. கரண்டியும் கத்தியும் அதன் இழையில் மாட்டும். கை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்குவதற்கு முன் ஒரே ஒரு பரீட்சை. சாயப்பட்டறைக்காரர் செய்கிற அதே பரீட்சை. வாட்டர் பாட்டிலைத் திறந்து, துண்டின் மேல் ஒரு சொட்டு விடுங்கள். உடனே பரவினால் வாங்குங்கள். முத்து மாதிரி நின்றால் கடைக்காரரைக் கேளுங்கள்: "ஏனுங்கண்ணா, இது கஞ்சியா, சாஃப்ட்னருங்களா?" கைத்தறித் துண்டில் கஞ்சி இருக்கலாம், வெந்நீரில் இரண்டு தடவை அலசினால் போய்விடும். சிலிக்கான் அவ்வளவு சுலபத்தில் போகாது. சந்தேகமாக இருந்தால் டஜனாக அள்ளாமல் ஒன்று வாங்கி, துவைத்துப் பார்த்துவிட்டு மறுபடி வாருங்கள். வீட்டுக்கு வந்ததும் ஓரத்தில் ஓர் இழையை உருவி நெருப்பில் காட்டுங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும். பாலியஸ்டர் சுருண்டு, உருகி, மணி மாதிரி இறுகும்.

துவைக்கும்போது வாசனைக்காக ஊற்றுகிற அந்த நீலக் கண்டிஷனரை அடுப்படித் துணிக்கு மட்டும் ஊற்றாதீர்கள். அதுவும் அதே வாயடைப்புத்தான். வெந்நீர், சோப்பு, வெயில் போதும்.

கடைசியாக, ஒரே துணியால் கையையும் மேடையையும் தட்டையும் துடைக்கிற பழக்கம். மொரிஷியஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு மாதம் பயன்படுத்திய 100 அடுப்படித் துண்டுகளைச் சோதித்தார்கள். 2018-ல் வெளியான முடிவு: 49-ல் கிருமிகள் வளர்ந்திருந்தன. பல வேலைக்குப் பயன்பட்டதிலும் ஈரமாகவே கிடந்ததிலும் இ-கோலை அதிகம். ஆகவே மூன்று துணி வையுங்கள்: கைக்கு ஒன்று, பாத்திரத்துக்கு ஒன்று, மேடைக்கு ஒன்று. சூடான பாத்திரம் இறக்க நாலாவதாக ஒரு கரித்துணி. அது எப்போதும் உலர்ந்தே இருக்கட்டும். ஈரத்துணியில் சூடு சட்டென்று ஏறிக் கையைச் சுட்டுவிடும்.

துண்டு விற்கிற கம்பெனிக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். 'அடுப்படிக்கு, சாஃப்ட்னர் போடாதது, நூறு சதம் பருத்தி' என்று மூன்றே விஷயத்தை ஒரு துண்டுச் சீட்டில் அச்சடித்துத் தையுங்கள். சீமைக்கு அனுப்பும்போது தைக்கத் தெரிகிறதல்லவா?

கடைக்காரர்களிடமும் ஒன்று. காதர்பேட்டையோ கரூரோ தி.நகரோ, துண்டு அடுக்கியிருக்கிற மேஜையின் மேல் ஒரு டம்ளர் தண்ணீர் வையுங்கள். சரக்கில் நம்பிக்கை இருக்கிறவர் வைப்பார். வைக்காத கடையில் நீங்களே பாட்டிலைத் திறங்கள். முறைத்தால் முறைக்கட்டும்.