கோட்டையை இடித்தது யார்?

ஸ்காட்லாந்தின் தென்கோடியில், கடலோரத்தில், ஒரு செந்நிறக் கோட்டை நிற்கிறது. பெயர் கார்லாவராக். எதிர்க்கரையில் தெரிவது இங்கிலாந்து.

கோட்டை என்றால் நான்கு மூலை இருக்கும். இதற்கு மூன்றே மூலை! முக்கோண வடிவம். ஒரு மூலையில் இரட்டைக் கோபுர வாசல். சுற்றிலும் அகழி. அதில் இன்றும் தண்ணீர் நிற்கிறது.

குடும்பத்தோடு வருகிறவர்கள் வாசலில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதோடு திரும்பி விடுகிறவர்கள் பாதிக் கோட்டையைத்தான் பார்த்தவர்கள்.

60 பேர்!

கோட்டை கட்டப்பட்டது 13-ம் நூற்றாண்டில். எல்லையைக் காத்தவர்கள் மாக்ஸ்வெல் குடும்பத்தினர்.

1300-ம் ஆண்டு ஜூலை மாதம் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டு படை எடுத்து வந்தார். அவருடன் 87 பிரபுக்களும் வீரர்களும், சுமார் 3,000 பேர் கொண்ட சேனையும் வந்தன. கல் எறியும் பொறிகள் மதிலைத் தாக்கின. உள்ளே இருந்தவர்கள் முடிந்தவரை போராடிவிட்டுச் சரண் அடைந்தார்கள்.

கதவு திறந்தது. வெளியே வந்தவர்கள் 60 பேர்தான்! இத்தனை பேர்தானா நம்மை எதிர்த்தார்கள் என்று பகைவர்களே வியந்தார்களாம். அந்தப் படையெடுப்பைப் பற்றி அக்காலத்தில் எழுதப்பட்ட ஒரு பிரெஞ்சுப் பாட்டு இப்படிச் சொல்கிறது.

பின்னர் கோட்டை இடிபட்டது. மீண்டும் எழும்பியது. எல்லையில் வாழ்கிறவர்களின் தலைவிதி அது.

ஜன்னல் வந்தது

1603-ல் ஸ்காட்லாந்து மன்னர் ஆறாம் ஜேம்ஸ், இங்கிலாந்துக்கும் மன்னர் ஆனார். இரு நாட்டுக்கும் ஒரே மன்னர். எல்லைச் சண்டை ஓய்ந்தது.

உடனே என்ன நடந்தது? 1634-ல் நித்ஸ்டேல் பிரபு ராபர்ட் மாக்ஸ்வெல், மதிலுக்குள்ளே ஓர் அழகிய மாளிகை கட்டினார். அம்பு எய்யத் துளை வைத்த கோட்டைக்குள், வெளிச்சம் வரப் பெரிய ஜன்னல்கள்! ஜன்னல்களுக்கு மேலே சிற்பங்கள். இனிப் பயமில்லை என்று நினைத்த மனிதன் கட்டிய வீடு அது.

அந்த நிம்மதி ஆறே ஆண்டுகள்தான் நீடித்தது.

உட்பகை

1640-ல் மறுபடி முற்றுகை. இந்த முறை வந்தவர்கள் அந்நியர் அல்ல. ஸ்காட்லாந்துக்காரர்களே! மதத்தின் பேரால் நாடு இரண்டுபட்டிருந்தது. பிரபு மன்னர் பக்கம் நின்றார். 13 வாரம் தாக்குப்பிடித்த கோட்டை விழுந்தது. தெற்கு மதிலையும் ஒரு கோபுரத்தையும் வென்றவர்கள் இடித்தார்கள். அதன்பின் யாரும் அங்கே குடியேறவில்லை.

வெளிப்பகை இடித்தபோதெல்லாம் மீண்டும் எழுந்த கோட்டை, உட்பகை இடித்தபின் எழவே இல்லை!

இன்று அந்த எல்லையில் காவலும் இல்லை, சோதனையும் இல்லை. காரில் போகிறவர்கள் பெயர்ப் பலகையைப் பார்த்துத்தான் எல்லை தாண்டியதைத் தெரிந்துகொள்கிறார்கள். மதில் 300 ஆண்டு காலம் தர முடியாத பாதுகாப்பை, சண்டை ஓய்ந்ததுதான் தந்தது.

எனவே, கோட்டைக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் வாசல் கோபுரத்தோடு நின்றுவிடக் கூடாது. உள்ளே இருக்கும் ஜன்னலைக் காட்ட வேண்டும். தெற்கே இடிந்து கிடக்கும் சுவரையும் காட்ட வேண்டும். "இதை இடித்தது யார்?" என்று பிள்ளை கேட்கும். அந்தக் கேள்விக்கு உண்மையான பதிலைச் சொல்வதுதான், கோட்டையைப் பார்த்ததன் பயன்!