ருசு யார் கொடுப்பது?

கோவலனைக் கொன்றது பாண்டியன் செய்த பெரும் பிழை, சந்தேகமில்லை. ஆனால் அவனிடம் ஒரு யோக்கியதை இருந்தது. கைப்பற்றிய சிலம்பைப் பத்திரமாக வைத்திருந்தான். கண்ணகி கேட்டதும் சபைக்குக் கொண்டுவரச் செய்தான். அவள் உடைத்தாள், மாணிக்கம் தெறித்தது, வழக்குத் தீர்ந்தது.

அமெரிக்காவில் சில விதவைகளுக்கு இந்த அளவு அதிர்ஷ்டம்கூட வாய்க்கவில்லை.

1945 முதல் 1962 வரை அந்நாட்டுச் சர்க்கார் காற்றுவெளியில் அணுகுண்டுகளை வெடித்துப் பரீட்சை செய்தது. அந்தப் பரீட்சைகளில் பங்கெடுக்க வைக்கப்பட்ட ராணுவத்தார் இரண்டு லட்சம் பேருக்கு மேல். 1946-ல் பிகினித் தீவருகே கப்பல்களில் இருந்தார்கள் சிலர். பிறகு நெவாடா பாலைவனத்தில் குழி வெட்டிக் குனிந்து, கண்ணைப் பொத்திக்கொண்டு, வெடித்தபின் அந்தப் புழுதியை நோக்கியே அணிவகுத்து நடந்தார்கள் சிலர். பார்த்ததை யாரிடமும் சொல்லக் கூடாது என்று கட்டளை. மனைவியும் அந்த 'யாரிடமும்' என்பதில் அடக்கம். அந்தத் தடையை நீக்கிச் சட்டம் வந்தது 1996-ல். அதற்குள் எத்தனையோ பேருக்கு வாய் அடைத்தே போய்விட்டது.

ராணுவச் சேவையால் உண்டான நோயில் கணவன் இறந்தால் மனைவிக்கு மாதந்தோறும் உதவித்தொகை உண்டு. நல்ல சட்டம்தான். ஆனால் ருசு? அவர் அங்கே இருந்தாரா, எந்தத் தேதியில், எவ்வளவு கதிர்வீச்சு உடம்பில் ஏறியது? கணவன் சொல்லாமல் செத்த ரகசியத்துக்கு மனைவி சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது.

சர்க்காரின் ஏடுகளைப் புரட்டலாமே என்பீர்கள். 1973 ஜூலை 12-ந் தேதி செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்தில் தீப்பிடித்தது. ஒரு கோடியே 60 லட்சத்துக்குக் குறையாத தஸ்தாவேஜுகள் சாம்பலாயின. 1912-லிருந்து 1960-க்குள் விலகிய தரைப்படையினரின் ஏடுகளில் நூற்றுக்கு 80 போயிற்று. நகல் கிடையாது. வேறு பதிவேடுகளைத் துருவி உதவுகிறார்கள் என்பது வாஸ்தவமே. இருந்தாலும், சர்க்கார் வீட்டில் பிடித்த தீயால் திண்டாடுவது அந்தக் கிழவிதான்.

இதற்கு ஒரு கெட்டிக்காரப் பதில் உண்டு. "புற்றுநோய் குண்டைப் பார்க்காதவனுக்கும் வருகிறது. இது குண்டால் வந்தது என்று எப்படி நம்புவது? ஊரார் வரிப்பணம் அல்லவா?" என்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்த டாக்டராலும் ஒரு கட்டியைப் பார்த்து அதன் பூர்வோத்தரம் சொல்ல முடியாது. முடியாத ருசுவைக் கேட்பதற்கும் இல்லை என்று சொல்வதற்கும் என்ன வித்தியாசம்?

இதை அந்நாட்டுக் காங்கிரஸே ஒருவாறு ஒப்புக்கொண்டது. 1988-ல் 13 வகைப் புற்றுநோய்களைப் பட்டியலிட்டு, அங்கே இருந்தவனுக்கு இவை வந்தால் சேவையால் வந்ததாகவே கொள்ளலாம் என்றது. நுரையீரல் அதில் இல்லை. அதைச் சேர்த்தது 2002-ல். இடைப்பட்ட வருஷங்களில் நுரையீரல் புற்றில் கணவனை இழந்தவள், கதிர்வீச்சுக் கணக்குப் போட்டு வழக்காட வேண்டியதாயிற்று. நுரையீரல் மாறவில்லை, காகிதம் மாறியது. அந்தக் கணக்கின் லட்சணமோ, அளவு காட்டும் வில்லை பல பேருக்குக் கொடுக்கப்படவே இல்லை. கணக்கு பெரும்பாலும் பின்னால் உட்கார்ந்து ஊகித்ததுதான். அதில் உச்ச வரம்பு பல சமயம் குறைவாகவே மதிப்பிடப்பட்டது என்று 2003-ல் அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலே சொல்லிற்று.

கடல் கடந்த சங்கதி உமக்கேன் என்று ஒரு நண்பர் கேட்டார். மனுவை வாங்குகிறவனுக்கு எல்லா நாட்டிலும் பேச ஆள் இருக்கிறது. மனுக் கொடுப்பவளுக்காகப் பேசாவிட்டால் கதை எழுதுகிறவன் பேனா எதற்கு?

என் கட்சி சுருக்கமானது. நிறுத்திய இடத்தில் நின்றான், பேசாதே என்றபோது பேசாமலிருந்தான், புற்றுநோயில் செத்தான். இவ்வளவு போதும். அந்த நோய் குண்டால் வரவில்லை என்றால் அதற்கு ருசுவைச் சர்க்கார் கொடுக்கட்டும். குண்டு அதனுடையது, ரகசியம் அதனுடையது, எரிந்துபோன ஏடும் அதனுடையது. சந்தேகத்தின் செலவை மட்டும் விதவை தலையில் கட்டுவது என்ன தர்மம்?