அமெரிக்க சர்க்காரின் சிக்கனம்

அமெரிக்காவில், குழந்தையில்லாதவர்கள் செய்துகொள்ளும் செயற்கைக் கருத்தரிப்பு வைத்தியத்தின் பலனை வருஷாவருஷம் கணக்கெடுத்து வெளியிட்டு வந்த சர்க்கார் சிப்பந்திகள் ஆறு பேருக்கு, 2025-ஆம் வருஷம் ஏப்ரல் 1-ந் தேதி வேலை நீக்க உத்தரவு கொடுக்கப்பட்டது. சுகாதார இலாகாவில் சுமார் 10,000 பேரைக் குறைக்கும் சிக்கனத் திட்டத்தில் இவர்களும் அடிபட்டுப் போனார்கள். பதினாயிரத்தில் ஆறு பேர் என்ன பிரமாதம் என்று சிலர் கேட்கக்கூடும். அந்த ஆறு பேரால் யாருக்கு என்ன பிரயோஜனம் இருந்தது என்று பார்ப்போம்.

பெண்ணின் கருமுட்டையை வெளியே எடுத்து, விந்துவோடு சேர்த்து, உண்டான கருவைக் கர்ப்பப்பையில் வைப்பதே இந்த வைத்தியம். 1978-ல் இங்கிலாந்திலும், 1981-ல் அமெரிக்காவிலும் இம்முறையில் முதல் குழந்தை பிறந்தது. 2022-ல் அமெரிக்காவில் மட்டும் 450-க்கு மேற்பட்ட வைத்தியசாலைகளில் சுமார் 4,35,000 முயற்சிகள் நடந்து, சுமார் 98,000 குழந்தைகள் பிறந்தன. ஒரு முயற்சிக்கே 15,000 டாலர், 20,000 டாலர் என்று செலவாகிறது. ஒரே முயற்சியில் பலிக்காமல் மறுபடியும் கடன் வாங்குகிறவர்கள் அநேகர்.

இப்படிப்பட்ட இடத்தில் புரட்டுக்கு வழியிருக்குமா இல்லையா? 1980-களின் கடைசியில் சில வைத்தியசாலைகள் தங்கள் வெற்றியை ஊதிப் பெருக்கி விளம்பரம் செய்வது அந்நாட்டுச் சட்டசபை விசாரணையில் வெளியாயிற்று. அதன்பேரில்தான் 1992-ல் ஒரு சட்டம் வந்தது. ஒவ்வொரு வைத்தியசாலையும் கணக்கைக் காட்ட வேண்டும். நோய்த் தடுப்பு மையம் அதை வைத்தியசாலை வாரியாகப் பிரசுரிக்க வேண்டும் என்பதே அச்சட்டம்.

வெற்றிக் கணக்கில் செய்யக்கூடிய தந்திரங்கள் ஒன்றிரண்டல்ல. கர்ப்பம் தரித்ததையே வெற்றி என்று எழுதிவிட்டுக் குழந்தை பிறந்ததா என்பதைச் சொல்லாமல் விடலாம். பாதியில் கைவிட்ட முயற்சிகளைக் கணக்கிலேயே சேர்க்காமல் விடலாம். வயதான பெண்களைத் திருப்பியனுப்பிவிட்டு இளம்பெண்களை மட்டும் சேர்த்துப் பெயர் வாங்கலாம். சொந்தக் கருமுட்டையைக் கொண்டு செய்கையில், 35 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பாதியளவு பலிக்கும் வைத்தியம், 40-க்கு மேற்பட்டவர்களுக்குப் பத்தில் ஒன்றுக்குக்கூடப் பலிப்பது அரிது. இதை வயது வாரியாகப் பிரித்துக் காட்டும் பொதுக் கணக்கு இல்லாவிட்டால் ஜனங்களுக்கு உண்மை எப்படித் தெரியும்?

வரம் கொடுக்கும் சாமியாரின் பெருமையும் இப்படித்தானே வளருகிறது? வரம் வாங்கிப் பிள்ளை பெற்றவள் கதை ஊரெல்லாம் பரவும். வரம் வாங்கியும் பெறாதவர்கள் எத்தனை பேர் என்று எண்ணினவர் யார்? பலித்ததையும் பலிக்காததையும் சேர்த்து எண்ணுவதுதான் வைத்தியத்துக்கும் வரத்துக்கும் உள்ள வித்தியாசம். அந்த எண்ணிக்கையை எடுத்துவிட்டால், டாக்டர் வாக்கும் சாமியார் வாக்கும் ஒன்றுதான்.

இக்கணக்கால் தாய்மார்களின் உயிருக்கும் பாதுகாப்பு உண்டு. ஒரே தடவையில் பல கருக்களை வைத்ததால், 2000-த்தில் இவ்வைத்தியத்தில் பிறந்த குழந்தைகளில் பாதிக்கு மேல் இரட்டையும் அதற்கு மேலுமாகப் பிறந்தன. அதனால் குறைப்பிரசவமும், தாய்க்கும் சேய்க்கும் ஆபத்தும் அதிகம். ஒரு கருவே போதும் என்ற வழக்கம் வளர்ந்து, இன்று அது வெகுவாய்க் குறைந்திருக்கிறது. ஆபத்து இருந்ததும், அது குறைந்ததும் எண்ணினதால் தெரிந்தவையே.

இதில் வேடிக்கை என்னவென்றால், இவ்வைத்தியத்தை இலவசமாக்குவதாக 2024 தேர்தலில் வாக்களித்தவர் ஜனாதிபதி டிரம்ப். 2025 பிப்ரவரி 18-ல் அதை விரிவாக்குவதற்கென்று உத்தரவிலும் கையெழுத்திட்டார். சரியாக ஆறு வாரம் கழித்து ஆறு பேருக்கும் வேலை போயிற்று! அவ்வருஷம் அக்டோபரில் சில மருந்துகளின் விலையைக் குறைக்க ஏற்பாடு செய்ததாக அறிவித்தார். விலை குறைவதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால், அரிசி விலையைக் குறைத்துவிட்டு, படியைச் சோதிக்கிறவனை வீட்டுக்கு அனுப்பினால் வாங்குகிறவனுக்கு லாபமென்ன?

வைத்தியர்களின் சங்கமே கணக்கெடுக்கிறதே என்று சமாதானம் சொல்லப்படலாம். அச்சங்கம் எடுக்கட்டும், நல்லதே. ஆனால் அதில் சேருவது அவரவர் இஷ்டம். எல்லா வைத்தியசாலைகளும் அதில் இல்லை. சேராதவனிடம் கணக்குக் கேட்கும் அதிகாரம் சட்டத்துக்கே உண்டு. சட்டத்தை ஏட்டில் வைத்துக்கொண்டு, அதை நடத்தும் ஆட்களை நீக்குவது, சட்டத்தை ரத்து செய்யாமலே கொல்லுவதாகும்.

பணக்காரன் நாலு வைத்தியசாலை ஏறி இறங்கிப் பார்ப்பான். ஒரே தடவைக்கு மட்டும் பணம் சேர்த்து வைத்திருக்கிறவனுக்கும் அவன் மனைவிக்கும் அந்தக் கணக்குப் புத்தகம் ஒன்றுதான் துணை. ஆறு பேர் சம்பளத்தை மிச்சம் பிடிப்பதற்காக அதைப் பிடுங்குவது சிக்கனமல்ல; ஏமாற்றுகிறவனுக்குக் கொடுக்கும் மானியமேயாகும்.