நகைக்கப்படுபவர் யார்?

நுழையும்முன்

விளையாட்டுத் திடலில் தடுக்கி விழுபவரைக் கண்டு சிரிப்பது எளிது. அச்சிரிப்புக்கு அஞ்சியே திடலுக்கு வராமல் ஒதுங்கி நிற்போர் பலர். விழுவதையே கதையாகக் கொண்ட பழைய அசைவூட்டப் படம் ஒன்று, உண்மையில் நகைப்புக்கு உரியவர் யார் என்னும் வினாவை எழுப்புகிறது.

பனிச்சரிவில் ஒரு பாடம்

வால்ட் டிஸ்னி நிறுவனம் 1941ஆம் ஆண்டு வெளியிட்ட குறும்படம் ‘தி ஆர்ட் ஆஃப் ஸ்கீயிங்’. பனிச்சறுக்குக் கலை என்பது இத்தலைப்பின் பொருள். திரையரங்குகளுக்கென எட்டு நிமிட அளவில் உருவாக்கப்பட்ட இப்படத்தை இயக்கியவர் ஜாக் கின்னி. இதன் நாயகன் கூஃபி, நீண்ட செவிகளும் நெடிய கால்களும் கொண்டு மனிதரைப்போல் நிமிர்ந்து நடக்கும் நாய்.

திரையில் தோன்றாத ஒரு குரல் பேராசிரியரின் மிடுக்கோடு பனிச்சறுக்கைக் கற்பிக்கிறது. ‘ஸ்கீ’ என்பதை ‘ஷீ’ என்றே ஒலிக்கவேண்டும் என உச்சரிப்பையும் திருத்துகிறது. காட்சியிலோ கூஃபியின் கால்கள் பின்னிக்கொள்கின்றன; சறுக்குப் பலகைகள் அவன் எண்ணத்துக்கு இணங்க மறுக்கின்றன; நெடிய கூவலுடன் அவன் அந்தரத்தில் பறக்கிறான். அப்போதும் குரல் தன் நிதானத்தை இழப்பதில்லை. பார்ப்போரின் சிரிப்பு இந்த முரணில்தான் பிறக்கிறது.

எள்ளலும் மடனும்

கூஃபி சோம்பேறி அல்லன். சொல்வதைக் கேளாதவனும் அல்லன். 1942ஆம் ஆண்டு வெளிவந்த நீச்சல் பற்றிய படத்தில், நீரில் இறங்குமுன் பியானோ வாசிப்போர் அமரும் இருக்கையின்மேல் குப்புறப் படுத்துக் கைகால்களை வீசிப் பழகுகிறான். கற்பித்ததை எழுத்துப் பிசகாமல் செய்வதே அவன் இடர்.

நகை தோன்றும் இடங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கினைத் தொல்காப்பியம் கூறுகிறது. கற்பித்ததைப் பற்றிக்கொண்டு விடாதிருத்தலே மடன் என்பது உரை மரபு. கூஃபியால் எழும் நகை இவ்வகையது. அதனை எள்ளலாகக் கொள்வது படத்தைப் பிழையாகப் படிப்பதாகும்.

ஒரே முகம்

பிறர் வலியைக் கண்டு சிரிக்கப் பழக்கும் படங்கள் மனத்தை மரத்துப்போகச் செய்யும் என்பர் சிலர். இக்கருத்தைப் புறந்தள்ள இயலாது. வரைந்த உருவம் உடனே எழுந்துவிடும். உண்மையில் விழுபவருக்கு எலும்பு முறியும். அவரைத் தாங்க வேண்டிய கை, தட்டிச் சிரிக்கலாகாது.

ஆயினும் இப்படவரிசை ஏளனத்தைக் கற்பிக்கவில்லை. 1944ஆம் ஆண்டின் அமெரிக்கக் கால்பந்துப் படத்தில் இரு அணி வீரர்களும் கூஃபிகளே. வெல்பவனுக்கும் வீழ்பவனுக்கும் அங்கு ஒரே முகம். பனிச்சறுக்குப் படத்தில் ஒலித்த அந்தக் கூவலுக்குக் குரல் தந்தவரும் தேர்ந்த பனிச்சறுக்கு வீரரான ஆஸ்திரியர் ஹான்னஸ் ஷ்ரோல். நிலைதடுமாறியவனின் அலறல் வல்லவர் ஒருவரின் தொண்டையிலிருந்தே பிறந்தது.

களமும் கரையும்

விதிகளும் விளக்கங்களும் வேண்டியவையே. எனினும், உடல் தன் சமநிலையை விழுந்து விழுந்தே கற்கிறது. மிதிவண்டி பழகிய எவரும் இதனை அறிவர். கூஃபியின் படத்தில் இறுதிவரை விழாமல் இருப்பது அக்குரல் ஒன்றே. அது பனியில் கால் வைக்கவே இல்லை.

முதல்நாள் திடலுக்கு வந்து பந்தைத் தவறவிடும் மாணவரைப் பார்த்து ஓரத்தில் நின்று சிரிப்போரும் அக்குரலைப் போன்றவர்களே. அவர்கள் விழாதிருப்பது திறமையால் அன்று, களத்தில் இறங்காமையால். நகைப்புக்கு உரியவர் எவரேனும் உண்டெனில் அவர்களே அன்றி, மண்ணைத் தட்டிக்கொண்டு மீண்டும் ஓடத் தொடங்கும் அம்மாணவர் அல்லர்.