மர்மம் என்று சொல்லாதீர்கள்

"எல்லாத்தையும் விளக்கிட்டா கவிதைக்கு என்னடா மிச்சம்?" காமா கதிர் வெடிப்புகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது கவிதை எழுதும் நண்பன் கேட்டான். பிரபஞ்சத்தின் மர்மத்தை அறிவியல் கெடுத்துவிடுகிறதாம். எனக்குக் கோபமே வந்துவிட்டது.

அது மர்மமாகவே இருந்த காலத்தைப் பார்ப்போம். ரகசிய அணுகுண்டுச் சோதனைகளைக் கண்காணிக்க அமெரிக்கா அனுப்பிய வேலா செயற்கைக்கோள்கள், 1967இல் விண்வெளியிலிருந்து வந்த ஒரு காமா வெடிப்பைப் பதிவு செய்தன. 1973இல்தான் விஷயம் வெளியே வந்தது. அதன்பின் இருபது ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட கோட்பாடுகள்! வெடிப்பது பால்வீதியின் அருகிலா, வெகு தொலைவிலா என்பதே முடிவாகவில்லை. பெரும்பாலும் சில விநாடிகளில் அணைந்துவிடும் காமா கதிர், தான் வந்த இடத்தைத் துல்லியமாகக் காட்டுவதில்லை. நான் மென்பொருள் எழுதுகிறவன். எந்த வரியில் பிழை என்று தெரியாதபோது ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்வதை அடிக்கடி பார்க்கிறேன். அதில் கவித்துவம் ஒன்றும் கிடையாது.

1997 பிப்ரவரி 28 அன்று, இத்தாலியும் நெதர்லாந்தும் சேர்ந்து அனுப்பிய பெப்போசாக்ஸ் ஒரு வெடிப்பை எக்ஸ் கதிரிலும் பிடித்தது. சுமார் 8 மணி நேரத்தில் கூர்மையான கருவிகளை அங்கே திருப்பினார்கள். வெடிப்பு போய்விட்டது, எக்ஸ் கதிர்த் தணல் இருந்தது. மூன்றே நாளில் அது இருபதில் ஒரு பங்காக மங்கியது. ஆனால் முகவரி கிடைத்துவிட்டது. அதை வைத்துத் தொலைநோக்கிகள் ஒளியையும் கண்டுபிடித்தன. அந்த மே மாதமே இன்னொரு வெடிப்பின் தூரத்தை அளந்தார்கள்: அதன் ஒளி பல நூறு கோடி ஆண்டுகள் பயணம் செய்து வந்திருந்தது. பால்வீதிக் கட்சி தோற்றது.

பிறகு 2003இல், நீண்ட வெடிப்பு ஒன்றின் தணலுக்குள் சூப்பர்நோவாவின் அடையாளம் தெரிந்தது, பெருவிண்மீனின் சாவு. 2017இல், இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதிய ஈர்ப்பலை வந்து சுமார் 1.7 விநாடியில் ஒரு குறுகிய வெடிப்பு. நீளம் என்றால் சாவு, குறுக்கம் என்றால் மோதல். கணக்கு முடிந்ததா? இல்லை. 2021 டிசம்பரில் ஏறக்குறைய ஒரு நிமிடம் நீடித்த வெடிப்பில், மோதலுக்கு உரிய கிலோநோவா ஒளி தென்பட்டது. சூத்திரம் ஆட்டம் கண்டது.

இந்தச் சிக்கலை 1973இல் யாராலும் கற்பனைகூடச் செய்திருக்க முடியாது. விளக்கம் கேள்வியைக் கொல்லவில்லை. இன்னும் நல்ல கேள்வியைப் பெற்றுத் தந்தது. 'மர்மம்' என்று கண்ணை மூடிக்கொள்வது வியப்பு அல்ல, சோம்பல்.

மிச்சம் நிறைய இருக்குடா. வெடிச்சதை மட்டும் பாடாம, தணலையும் கொஞ்சம் உட்கார்ந்து பாரு.