வலிப்பு வந்த வீட்டிலிருந்து தேடத் தொடங்குவோம்

வலிப்புக்காக வரும் நோயாளி ஒருவரின் ஸ்கேன் படத்தில் சிறு கட்டி தெரிகிறது. அது நாடாப்புழுவின் இளம்புழு மூளையில் தங்கியதால் உண்டான கட்டி என்று நாங்கள் சொன்னதும், குடும்பத்தார் திகைத்துக் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: “எங்கள் வீட்டில் பன்றி இறைச்சியைத் தொட்டதே இல்லையே, டாக்டர்?” வேறு சிலர் முட்டைக்கோசின் மேல் பழியைப் போட்டு, அன்றோடு அதைச் சமையலறையிலிருந்து விலக்கிவிடுகின்றனர். கேள்வி நியாயமானது. அதற்கான விடையில்தான் இந்நோயைத் தடுக்கும் வழியும் அடங்கியிருக்கிறது.

சரியாக வேகாத பன்றி இறைச்சியில் உள்ள இளம்புழுவை உண்டவரின் குடலில் நாடாப்புழு வளர்கிறது. சில மீட்டர் நீளம் வரை வளரும் அப்புழு, பல நேரங்களில் அவருக்குப் பெரிய தொல்லை எதுவும் தருவதில்லை. ஆனால் அவருடைய மலத்தில் புழுவின் முட்டைகள் பல்லாயிரக்கணக்கில் வெளியேறுகின்றன. மலம் கழித்தபின் சோப்பிட்டுக் கழுவாத கையாலும், அசுத்தமான நீராலும், கழுவாத காய்கறியாலும் அம்முட்டைகள் இன்னொருவரின் வாயை அடைகின்றன. மூளையில் கட்டி உண்டாவது இம்முட்டைகளால்தான். ஆகவே சைவ உணவு உண்பவருக்கும் இந்நோய் வரலாம். முட்டைக்கோசிலேயே புழு பிறப்பதில்லை. கழுவாமல் உண்பதே தவறு.

இது எங்கோ தொலைவில் உள்ள நோயன்று. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள் அம்மாவட்டத்தில் வீடு வீடாகச் சென்று 50,000-க்கும் மேற்பட்டோரிடம் நடத்திய ஆய்வு 2006-இல் வெளிவந்தது. வலிப்பு நோய் இருந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இப்புழுக்கட்டியே காரணம் என்று அது காட்டியது.

நோய் எவ்வாறு வீட்டிற்குள் நுழைகிறது என்பதற்கு நியூயார்க் நகரம் ஒரு பாடம். அங்கே பன்றி இறைச்சியைச் சமய நெறிப்படி விலக்கிய யூதக் குடும்பங்களைச் சேர்ந்த நால்வருக்கு வலிப்பு வந்து, மூளையில் இதே கட்டிகள் காணப்பட்டன. மருத்துவர்கள் நோயாளிகளோடு நிறுத்தாமல் அவ்வீடுகளில் இருந்தவர்களையும் பரிசோதித்தனர். வீட்டு வேலை செய்த ஒருவரின் குடலில் நாடாப்புழு இருந்தது. குடும்பத்தாரில் மேலும் ஏழு பேரின் இரத்தத்தில் இந்நோய்த் தொற்றின் அடையாளம் தென்பட்டது. 1992-இல் இச்செய்தி மருத்துவ இதழில் வெளியானது. நோயாளியின் ஸ்கேன் படத்தை மட்டும் பார்த்திருந்தால் இவை எவையும் தெரிய வந்திரா.

எனவே எங்கள் கருத்து இது: மூளையில் புழுக்கட்டி உறுதியான ஒவ்வொரு முறையும், அவ்வீட்டில் உண்பவர், சமைப்பவர் அனைவருக்கும் மலப் பரிசோதனை செய்வது சிகிச்சையின் ஒரு பகுதியாக வேண்டும். நோயாளியையும் இதில் விட்டுவிடக் கூடாது. தம் குடலில் உள்ள புழுவின் முட்டை தம் கைவழியே தமக்கே திரும்புவதும் உண்டு.

இதற்கு வரம்புகள் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. முட்டைகள் எல்லா நாளும் வெளிவருவதில்லை. ஆகவே ஒரே மாதிரியில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் புழு இல்லை என்று முடிவு செய்ய இயலாது. வெவ்வேறு நாள்களில் மூன்று மாதிரிகள் கொடுப்பது நல்லது. முட்டை உடலுக்குள் சென்று வலிப்பு வருவதற்குள் ஆண்டுகள் கடந்திருக்கலாம். அதற்குள் புழு கொண்டவர் வீடு மாறியிருக்கலாம், அவர் வெளியாராகவும் இருக்கலாம். பல வீடுகளில் எதுவும் கிடைக்காமல் போகும். ஆயினும் ஒரு வீட்டில் ஒருவரைக் கண்டறிந்தாலும், அங்கே உண்ணும் குழந்தைகள் அனைவரும் காக்கப்படுவர்.

“ஊருக்கே பூச்சி மாத்திரை கொடுத்துவிட்டால் என்ன?” என்று சிலர் கேட்கின்றனர். பெரு நாட்டின் வடபகுதியில் 107 கிராமங்களில் மனிதருக்கு மருந்தும், பன்றிகளுக்கு மருந்தும் தடுப்பூசியும் அளித்து, 105 கிராமங்களில் தொற்றுச் சங்கிலியை அறுத்தனர்; அவ்வெற்றி 2016-இல் வெளியிடப்பட்டது. ஆனால் பள்ளிகளில் நம் பிள்ளைகள் பெறும் ஒற்றை அல்பெண்டசோல் மாத்திரை, உருண்டைப் புழுவையும் கொக்கிப் புழுவையும் குறிவைத்தது. நாடாப்புழுவுக்கு அதனை மூன்று நாள் கொடுக்க வேண்டும், அல்லது நிக்லோசமைடு, பிராசிகுவான்டெல் ஆகியவற்றில் ஒன்றை ஒரு வேளை கொடுக்க வேண்டும். இவற்றுள் அல்பெண்டசோலும் பிராசிகுவான்டெலும் மூளை வரை செல்லக் கூடியவை. அங்கே அறியப்படாத கட்டி இருந்தால் தலைவலியோ வலிப்போ தூண்டப்படலாம். எனவே கடையில் வாங்கி நீங்களாக உட்கொள்ள வேண்டா. முன்பு வலிப்போ நீடித்த தலைவலியோ இருந்ததுண்டு எனில், மருந்துக்கு முன்னரே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

முந்திரித் தோப்பும் பலாத் தோப்பும் சூழ்ந்த இந்தக் காடாம்புலியூர் வட்டாரத்தில், வீட்டில் கழிப்பறை இருந்தும் தோப்புக்குச் செல்லும் பழக்கம் இன்னும் முற்றிலும் மறையவில்லை என்று நோயாளிகளே எங்களிடம் சொல்கின்றனர். அப்பழக்கம் ஒழியாதவரை, பரிசோதனை மட்டும் நம்மைக் காக்காது.

உங்களிடம் நாங்கள் வேண்டுவன சில. மலத்தில் வெள்ளை நாடாத் துண்டு போன்றவை தென்பட்டால் கூச்சமின்றிச் சொல்லுங்கள். மாதிரி கேட்கும்போது, “எங்களுக்கு எதற்கு?” என்று மறுக்காதீர்கள். வீட்டில் சமைக்கும் அம்மாவுக்கோ வேலைக்கு வரும் பெண்ணுக்கோ புழு இருப்பது தெரிந்தால், அவரைக் குற்றவாளியாக்காதீர்கள். பெரும்பாலும் ஒரு வேளை மருந்தில் தீரக்கூடியது அது. பழிக்கு அஞ்சி ஒருவர் மறைத்தால் முட்டைகள் மறையா. வலிப்பு மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள்.

அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது நோயாளியின் ஸ்கேன் படத்தோடு, வீட்டில் உடன் உண்பவர்களின் பட்டியலையும் கொண்டுவாருங்கள். அங்கிருந்து தேடத் தொடங்குவோம்.