கன்ட்ரோல் யார் கையில்?

லினக்ஸ் மின்ட் கணினியில் ஒருவர் ஜாவா நிரல் எழுதிக்கொண்டிருக்கிறார். கோணல்மாணலாகக் கிடக்கும் வரிகளைச் சீராக்க, இன்டெல்லிஜே ஐடியாவில் கன்ட்ரோல், ஆல்ட், எல் மூன்றையும் சேர்த்து அழுத்துகிறார். வரிகள் சீராகவில்லை, திரை பூட்டிக்கொள்கிறது. கடவுச்சொல் போட்டு உள்ளே வந்தால் நிரல் கிடந்தபடியே கிடக்கிறது. கணினியில் பழுது ஒன்றுமில்லை. மின்ட்டின் சின்னமன் முகப்பில் திரையைப் பூட்டவும் நெடுநாளாக அதே மூன்று விசைகள்தான்.

இந்தப் போட்டியில் செயலிக்கு வாய்ப்பே கிடையாது. விசையை அழுத்தியதும் அது முதலில் முகப்பின் கைக்குப் போகிறது. முகப்பு எடுத்துக்கொண்டால், விசை அழுத்தப்பட்டதே செயலிக்குத் தெரியாது. தெரியாததற்குப் பிழைச்செய்தி எப்படி வரும்? விண்டோஸில் பின்னணியில் ஓடும் மென்பொருள்களுக்கு இன்னொரு நியாயம்: முதலில் பதிந்தவருக்கே விசை. ரேஷன் கடை வரிசையில் பையை வைத்து இடம்பிடிப்பது மாதிரிதான்.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு இந்தத் தொல்லை பழகியது. என்எச்எம் ரைட்டரில் தமிழுக்கு மாற ஆல்ட் விசையோடு எண்ணை அழுத்த வேண்டும். வேர்டிலோ, 2007 பதிப்பு தொடங்கி, ஆல்ட்டும் எண்ணும் மேலே உள்ள விரைவுப் பட்டையின் பொத்தான்களுக்கானவை. லினக்ஸில் தட்டச்சு மொழியை மாற்றித் தரும் ஐபஸ் முன்பு கன்ட்ரோல்-ஸ்பேஸைப் பிடித்து வைத்திருந்தது. லிப்ரே ஆபீஸ் கால்க்கில் ஒரு நெடுவரிசை முழுவதையும் தேர்ந்தெடுக்கும் விசை அது. ஈமேக்ஸில் குறி வைக்கும் விசையும் அதுவே. பிறகு ஐபஸ் சூப்பர்-ஸ்பேஸுக்கு இடம் மாறியது.

அதுதான் சரியான வழி. விண்டோஸ் சின்னம் போட்ட விசை 1994இல் மைக்ரோசாஃப்ட் நேச்சுரல் விசைப்பலகையோடு வந்தது. லினக்ஸ்காரர்கள் சூப்பர் என்பதும் அதையே. முகப்பு தன் வேலைகளை அந்த ஒரு விசைக்குள் வைத்துக்கொண்டு, கன்ட்ரோலையும் ஆல்ட்டையும் செயலிகளுக்கு விட்டுவிட வேண்டும். கன்ட்ரோல்-ஆல்ட்-டெலீட் மட்டும் விதிவிலக்காக இருந்துவிட்டுப் போகட்டும். ஐபிஎம் பொறியாளர் டேவிட் பிராட்லி அதைத் தேர்ந்ததே, கை தவறி அழுத்திவிடக் கூடாது என்றுதான்.

பழகிய கைகள் முனகும் என்பது உண்மை. அவற்றுக்குப் பழைய விசைகளை ஒரு தேர்வாக வைத்துவிடலாம்.

விசைகள் மோதும்போது வரும் எச்சரிக்கையும் இன்று அரைகுறைதான். லினக்ஸின் க்னோம் முகப்பு அமைப்புகளில் ஏற்கெனவே எடுக்கப்பட்ட விசையைக் கொடுத்தால், இது இன்னொரு வேலைக்கு உள்ளது, மாற்றவா என்று கேட்கும். ஆனால் அதற்குத் தன் வீட்டுக் கணக்கு மட்டுமே தெரியும். பிளெண்டர், கிரீட்டா போன்ற செயலிகள் எதை வைத்திருக்கின்றன என்று தெரியாது.

ஆகவே ஒரு குறுக்குவிசை வேலை செய்யாவிட்டால் செயலியை அழித்து மறுபடி நிறுவ வேண்டாம். முதலில் முகப்பின் விசைப்பலகை அமைப்புகளில் தேடிப் பாருங்கள். க்னோமில் அந்த வரியைத் தேர்ந்து பேக்ஸ்பேஸை அழுத்தினால், முகப்பு தன் பிடியை விட்டுவிடும்.